நாலாவது கால்

பழைய வீட்டு மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் முதலில் எழுந்து வருவது புகை வாசனைதான். ஒரே கூரைக்கடியில் இருபது முப்பது வருஷம் அடுப்பெரிந்த புகை. எவ்வளவு தேய்த்தாலும் முழுதாகப் போகாது. என் புடவையில், தலைமுடியில், சில நாள் சோற்றில்கூட அந்த வாசனை இருக்கும். பட்டறைக்கு வருகிறவர்கள் மூக்கைச் சுருக்குவார்கள். எனக்கோ நாளடைவில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் போய்விட்டது. அந்த மறதியால்தான் மாட்டிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் தச்சர். அவருக்குக் கண்ணமங்கலம், எனக்குக் கணியம்பாடி. கல்யாணமாகிச் சில வருஷம் மலைக்குக் கீழேதான் இருந்தோம். ஜவ்வாது மலையில் மண் வீடுகளைப் பிரித்துவிட்டு அரசாங்கத்தில் தொகுப்பு வீடு கட்ட ஆரம்பித்தார்கள். பிரித்த வேங்கை உத்திரத்தையெல்லாம் பிளந்து அடுப்பில் வைப்பதைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு காவலூர் பக்கம் ரோட்டோரமாக ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு மேலேயே வந்துவிட்டோம். பழைய உத்திரம், கம்பம், கதவு எல்லாம் வாங்கிக் கட்டிலும் பெஞ்சும் அலமாரியும் செய்கிறோம். அறுப்பது, இழைப்பது, பொருத்துவது அவர் வேலை. தேய்ப்பது, சாயம் போடுவது, பாலிஷ் போடுவது, வருகிறவர்களிடம் பேசுவது என் வேலை. பேசுவதில் சண்டையும் அடக்கம். அவர் ஒரு நாளில் பேசுகிற பேச்சை நான் பல் விளக்குவதற்குள் பேசி முடித்துவிடுவேன்.

பழைய மரம் வாங்க வருகிறவர்கள் விலை கேட்பதற்கு முன்னால் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "எந்த வூட்டு மரம்?" வாழ்ந்த வீடா, நொடித்த வீடா, ஏன் இடித்தார்கள் என்று தெரிந்தால்தான் தொடுவார்கள். காவலூரில் பெரிய தொலைநோக்கி வைத்து நட்சத்திரம் பார்க்கிற ஆபீஸில் வேலை செய்கிறவர்கள்கூடப் புத்தக அலமாரிக்கு ஆர்டர் கொடுக்கும்போது சிரித்துக்கொண்டே இதைக் கேட்டிருக்கிறார்கள். கட்டிலுக்கு என்றால் இன்னும் விசாரிப்பார்கள். பெண்ணுக்குக் கொடுக்கிற கட்டில் என்றால் கேட்கவே வேண்டாம்.

இரண்டு வருஷத்துக்கு முன் மாசி மாதம் அவள் வந்தாள். பக்கத்து மலைக் கிராமத்துப் பெண், நாற்பது வயதுக்குள் இருக்கும். ஒரு மினி வேனில் பிரித்த வீட்டின் நான்கு உத்திரம், கூரை தாங்கிய சில கைமரம், ஒரு ஜோடிக் கதவு. கூடவே ஒரு பையில் அந்த வருஷத்துப் புதுப் புளி, கொட்டை எடுத்தது. பேச்சைத் தொடங்குவதற்கு முன்னால் புளியைத்தான் என் கையில் கொடுத்தாள்.

"அக்கா, வைகாசியில பொண்ணுக்குக் கல்யாணம். கட்டில் ஒண்ணு செஞ்சு குடுக்கணும். டவுன்ல இருக்கற மாதிரி நல்லா ஒசரமா. அடியில பெட்டி வெக்கணும்னு ஆசப்படுது."

"செஞ்சிடலாம்மா. ரெண்டடிக் கால் வெச்சிடலாம்" என்றேன்.

"எல்லாம் இந்த மரத்துலயேதான் செய்யணும். இது எங்க வூட்டு மரம். வேற எதுவும் சேக்கக் கூடாது."

குறைந்தால் கொஞ்சம் புது மரம் சேர்த்துக்கொள்ளலாம், பாலிஷ் போட்டால் தெரியாது என்று வழக்கமாகச் சொல்வதை அவளிடமும் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். குரல் உயரவில்லை.

"புதுசா வெட்டுன மரம் எங்க வூட்டுக்குள்ள வரக்கூடாதுங்க்கா. அடுத்தவங்க வூட்டு மரமும் வேணாம். கொறஞ்சா எனக்குச் சொல்லி அனுப்புங்க. நான் வந்து பாக்குறேன்."

காரணத்தையும் அவளே சொன்னாள். அவள் புருஷன் மலையில் பலரையும் போலக் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போனவன். நிழல் மரம் வெட்டுகிற வேலை. நான்கு வருஷத்துக்கு முன்னால், சாய வேண்டிய பக்கம் சாயாமல் ஒரு மரம் அவன் மேல் திரும்பி விழுந்து, ஆள் அங்கேயே போய்விட்டான். அதிலிருந்து அவள் வீட்டுக்குள் வெட்டிய மரம் எதுவும் நுழையக் கூடாது என்று வைத்துக்கொண்டாள். அடுப்புக்குக்கூட உதிர்ந்த சுள்ளிதான். தொகுப்பு வீட்டுக்கு இரும்புக் கதவு, இரும்பு ஜன்னல். இந்தக் கட்டில் அவள் வீட்டில் சில நாள் இருந்துவிட்டுத்தான் மகளோடு போகும்.

எனக்கு அவள் மேல் இரக்கமாகத்தான் இருந்தது. ஆனால் என் வாய் சும்மா இருக்காது.

"மரம் இன்னாம்மா பண்ணுச்சு? அது மேல போய் இன்னா கோவம்?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். வேனிலிருந்து இறக்கிய உத்திரத்தில் ஒட்டியிருந்த சுவர் மண்ணைக் கையால் தட்டிவிட்டுப் போனாள்.

வேலை நன்றாகத்தான் போனது. வீட்டுக்காரர் முதலில் ஆணிகளைப் பிடுங்கினார். அந்த வீட்டில் துணி மாட்ட, படம் மாட்ட, தானியப் பை தொங்கவிட என்று எத்தனையோ ஆணி. எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். கைமரம் சட்டமாயிற்று, கதவு தலைமாட்டுப் பலகையாயிற்று. கனமான உத்திரம் ஒன்றிலிருந்துதான் நான்கு காலும் வர வேண்டும். மற்ற மூன்றும் அவ்வளவு பருமன் இல்லை, அவை படுக்கைப் பலகைக்குப் போய்விட்டன. சாதாரணமாக அவர் ஒவ்வொரு மரத்தையும் நுனியிலிருந்து அடிவரை சுத்தியால் தட்டிக் கேட்பார். அன்றைக்கு மழை வருகிற மாதிரி இருந்தது. வெளியே கிடந்ததையெல்லாம் உள்ளே இழுக்கச் சொல்லி நான் கத்திக்கொண்டிருந்தேன். அவர் பாதி தட்டியதோடு விட்டுவிட்டார்.

கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது நாலாவது காலில் துளை போட்டார். உளி பொதுக்கென்று உள்ளே போனது. வெளியே பார்த்தால் இரும்பு மாதிரி இருந்தது. உள்ளே கரையான் தின்று வெறும் மண். சுவருக்குள் புதைந்திருந்த முனை அது.

அவர் உளியைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையை எடுத்து மாட்டினார்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"போய்ச் சொல்லிட்டு வர்றேன். கொறஞ்சா சொல்லுங்கன்னுச்சு இல்ல."

"கல்யாண வூட்ல போய் கால் ஒடஞ்சுபோச்சுன்னு சொல்லப் போறீங்களா? நல்ல சேதிதான். ஒக்காருங்க."

அவர் உட்கார்ந்துவிட்டார். நான் அதற்கு இன்றைக்கும் காரணம் தேடிக்கொண்டிருக்கிறேன். கல்யாண வீட்டைக் கலங்கடிக்கக் கூடாது என்று அவரிடம் சொன்னேன், எனக்கும் அப்படியே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. மரத்தைத் தட்டிப் பார்க்காமல் அறுத்துவிட்டார்கள் என்று அக்கம்பக்கத்துக் கிராமங்களில் பேச்சாகுமே என்ற பயம்தான் பெரிது. கொட்டகையில் வேறு பழைய மரமும் கிடந்தது. அது அண்ணனும் தம்பியும் அரிவாளால் வெட்டிக்கொண்டு பிரித்த வீட்டு மரம். புதுப்பெண் படுக்கிற கட்டிலுக்கு அதை வைக்க எனக்கே மனசு வரவில்லை. அவ்வளவு பார்த்தவள், புதிதாக வெட்டிய மரம் கூடாது என்று அவள் சொன்னதைப் பார்க்கவில்லை. மின்கம்பிக்கு இடைஞ்சல் என்று எங்கள் தெருவில் முந்தின வாரம் வெட்டிய வேம்பு ஒன்று கிடந்தது. அதில் ஒரு துண்டைக் காட்டினேன்.

"ஒரு காலு. அதுவும் செவுத்துப் பக்கம் போற காலு. யாருக்குத் தெரியப் போவுது?"

அவர் செய்து கொடுத்தார். இழைக்கும்போது சீவல் ஈரமாகச் சுருண்டு விழுந்தது. அதை அவர் காலால் ஒதுக்கித் தள்ளிக்கொண்டே இருந்தார்.

இனி என் வேலை. புது மரத்தைப் பழசாக்குவதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. கெட்டியாகக் காய்ச்சிய டீத்தண்ணீரை முதலில் பூசிக் காய விட வேண்டும். அதன் மேல் இரும்பு ஊறிய புளித்தண்ணீர். இரும்புச் சட்டியில் புளிக்குழம்பை மறந்து வைத்தவர்களுக்கு அந்தக் கருப்பு தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மரம் கறுக்கும். அவள் கொண்டுவந்த புளியில்தான் கரைத்தேன், அடுக்களையில் அதுதான் கைக்கு எட்டியது. அவள் உத்திரத்திலிருந்து பிடுங்கிய ஆணிகளைத்தான் அதில் ஊறப் போட்டேன். டப்பா பக்கத்திலேயே இருந்தது. அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

மூன்று நாளில் நான்கு காலும் ஒரே நிறம். வரிசையாக நிறுத்தி வைத்துவிட்டு அவரை வாசலில் நிற்கவைத்தேன்.

"தொடாம சொல்லுங்க. எது வேம்பு?"

அவர் இரண்டாவதைக் காட்டினார். அது உத்திர மரம். நான் கைதட்டிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் காலையில் அவள் வந்தாள். வேன் டிரைவர் வெளியே போனில் பேசிக்கொண்டு நின்றார். கட்டிலைப் பார்த்ததும் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அது எனக்குப் பெருமையாக இருந்தது. சட்டத்தைத் தடவினாள். "இது அடுப்புக்கு மேல இருந்த கைமரம்" என்றாள். தலைமாட்டுப் பலகையில் ஓர் ஆணித் துளை இருந்தது. அதில் விரலை வைத்து, "இங்கதான் அவரு சட்டய மாட்டுவாரு" என்றாள். சோதிக்க வந்தவள் போல இல்லை அவள். வீட்டைப் பிரித்தபோது பார்க்காமல் விட்டதையெல்லாம் இப்போது ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் கீழே மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு காலில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தாள். அடுத்த காலுக்கு நகர்ந்தாள். அங்கேயும் அப்படியே. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மூன்றாவது காலிலும் முகத்தை வைத்தாள். சுவர் பக்கம் போக வேண்டிய காலுக்கு வந்தாள். முகத்தை வைத்தவள் சட்டென்று எடுத்துவிட்டாள். மறுபடி ஒருமுறை வைத்துப் பார்த்தாள்.

"அக்கா, இது எங்க வூட்டுது இல்லீங்களே."

"ஏன்ம்மா? நீ கொண்டாந்த மரம்தான். பாலிஷ் வாசன அடிக்குது, அவ்வளவுதான்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது எனக்கு.

அவள் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"குடகுலேர்ந்து அவர எடுத்தாந்தப்போ அவரு பையயும் குடுத்தாங்க. ரெண்டு சட்ட, ஒரு லுங்கி, ஒரு துண்டு. தொறந்தேன். வெட்டுன மரத்தோட பால் வாசன. ஈர வாசன. எந்த மரமா இருந்தாலும் அந்த ஈரம் ஒண்ணுதாங்க்கா. மூணு தடவ தொவச்சேன், போவல. அந்த வாசன எனக்குத் தெரியும்."

நான் இன்னொரு பொய்க்கு வாயைத் திறந்தேனா, இல்லையா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. திறந்திருப்பேன். அதற்குள் வீட்டுக்காரர் பேசிவிட்டார்.

"அது வேம்புங்க. ஒங்க உத்தரத்துல ஒரு மொன கரையான் தின்னுட்டுது. எங்க தப்பு."

"அவுரு சொல்லத்தான் கெளம்புனாரு. நான்தான் தடுத்தேன்" என்றேன். "கருப்புச் சாயம் போட்டதும் நான்தான். ஒன் புளியில. ஒன் ஆணியில."

ஏன் அதையும் சேர்த்துச் சொன்னேன் என்று தெரியவில்லை. எல்லாம் வெளியே வந்தால்தான் மூச்சு விட முடியும் போல இருந்தது. அவள் திட்டுவாள் என்று நின்றேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. நான் திட்டு வாங்கியும் கொடுத்தும் பழகியவள். அவளோ அந்தக் கரையான் தின்ற துண்டைக் கேட்டாள். அவர் மூலையிலிருந்து எடுத்து வந்து கொடுத்தார். மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலை உள்ளே விட்டாள். மண் கொட்டியது.

"இது மேக்கு செவுத்துக்குள்ள இருந்த மொன. கூர வேய்ஞ்சப்பவே அவரு சொன்னாரு, கரையான் உள்ள பூந்துட்டுது, குடகு போயிட்டு வந்து மாத்துறேன்னு. மரத்த எறக்குனப்ப எனக்கு அது நெனப்பு வரல." துண்டைத் தரையில் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "சொல்லி அனுப்பியிருந்தா இதத்தாங்க்கா சொல்லியிருப்பேன்" என்றாள்.

என் வாழ்க்கையில் பலர் என்னைப் பலவிதமாகப் பேசியிருக்கிறார்கள். மாமியார் பேசியிருக்கிறார், மர வியாபாரிகள் பேசியிருக்கிறார்கள். இந்த ஒரு வாக்கியம் போல எதுவும் என்னைக் கூச வைத்ததில்லை. அதில் கோபமே இல்லை. நான் மறைத்தது அவளுக்கு முன்னாலேயே தெரிந்த விஷயம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்து, "ஏத்தலாமா?" என்றார். அவள் இரு என்று கையைக் காட்டினாள். எழுந்து, கட்டிலின் காலைத் தன் முழங்காலோடு வைத்து அளந்தாள்.

"இதோட ஒசரம் எவ்வளவுங்க?" என்று வீட்டுக்காரரைக் கேட்டாள்.

"ரெண்டடி."

"ஒன்றரை அடி இருந்தாலும் படுக்கலாமில்ல?"

"படுக்கலாம்."

"மூணு காலும் ஆளுக்கு அரையடி குடுக்கட்டும். அத வெச்சு நாலாவதச் செஞ்சிடுங்க."

அவர் ரம்பத்தை எடுத்தார். கட்டிலைச் சாய்த்து, மூன்று கால்களின் அடியிலிருந்தும் அரையடி அரையடியாக அறுத்தார். மூன்று துண்டுக்கும் நடுவில் துளை போட்டு, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, உள்ளே ஒரு கம்பியை இறக்கி முடுக்கினார். மேல் துண்டில் சட்டத்துக்குத் துளை. மத்தியானம் வரை ஆனது. டிரைவருக்கு நான் இரண்டு தடவை டீ கொடுத்தேன். அவளுக்கும் கொடுத்தேன். அவள் வாங்கிக் குடித்தாள். அதுவே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

கால் பொருந்தி நின்றபோது இரண்டு இடத்தில் இணைப்பு தெரிந்தது. அறுத்த விளிம்புகளில் உள்மரம் செக்கச்செவேலென்று தெரிந்தது. நான் பழக்கதோஷத்தில் பிரஷ்ஷை எடுத்தேன்.

"வேணாங்க்கா" என்றாள். "தெரியட்டும்."

பிரஷ்ஷைக் கீழே வைத்தேன். அவள் மண்டியிட்டு அந்தக் காலில் முகத்தை வைத்தாள். இந்த முறை சீக்கிரம் எடுக்கவில்லை. அவள் தோள் குலுங்கியது. நான் பக்கத்தில் போகவில்லை. போக எனக்கு யோக்கியதை இல்லை என்று பட்டது. வீட்டுக்காரர் வெளியே போய்த் தொட்டியில் முகம் கழுவினார், ரொம்ப நேரம்.

"பொக வருது" என்றாள் எழுந்துகொண்டே. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டிரைவரைக் கூப்பிட்டாள். கட்டிலை ஏற்றும்போது ஒரு கை அவளும் பிடித்தாள், இன்னொரு பக்கம் நான் பிடித்தேன். பெண்ணுக்கு அடியில் பெட்டி வைக்க இனி இடம் போதாது என்று அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அவளிடம் சொல்லவில்லை. அது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தாள். வீட்டுக்காரர் மட்டும் போனார். எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லச் சொன்னேன். அவர் என்ன சொன்னாரோ.

வேப்பங்கால் இன்னும் கொட்டகையில்தான் இருக்கிறது. அதை எதற்கும் பயன்படுத்த அவர் விடவில்லை, எரிக்கவும் விடவில்லை. அந்தக் கோடையில் காய்ந்து நீளவாக்கில் வெடித்துவிட்டது. அதைக் கட்டிலில் வைத்திருந்தால் சட்டம் ஆடியிருக்கும் என்று ஒரு நாள் சொன்னார். அவ்வளவுதான் அவர் என்னைச் சொன்னது. அந்த ஆணிகளைக் கழுவித் துடைத்து எடுத்து வைத்திருக்கிறேன். புது மரத்துக்குக் கருப்புப் போட்டுக் கொடுக்கும்படி இப்போதும் சிலர் கேட்கிறார்கள். முடியாது என்று சொன்னால் ஏன் என்கிறார்கள். எனக்கு வருகிற கோபத்தில் நான் காரணம் சொல்வதில்லை.

அடுத்த மாசியில் ஒரு நாள் பஸ்ஸிலிருந்து இறங்கி அவள் நடந்து வருவதைக் கொட்டகைக்குள் இருந்து பார்த்தேன். கையில் பை. உள்ளே ஓடிவிடலாமா என்றிருந்தது. அவள் நேரே வந்து பையை நீட்டினாள். அந்த வருஷத்துப் புதுப் புளி, கொட்டை எடுத்தது.

என் கை போகவில்லை. "வேணாம்மா" என்றேன். "எனக்கெதுக்குப் புளி? மறுபடியுமா?"

அவள் பையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.

"வாங்கிக்கங்க்கா. புளி இன்னா பண்ணுச்சு?"

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். ஒரு வருஷத்துக்கு முன்னால், இதே இடத்தில், மரம் என்ன பண்ணியது என்று நான் அவளைக் கேட்டேன். அப்போது அவள் உத்திரத்து மண்ணைத் தட்டிவிட்டுப் போனாள். இப்போது நான் பையை அடுக்களையில் கொண்டுபோய் வைத்தேன்.